பதினொரு கூட்டல் குறிகள்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எங்கள் வீட்டுத் துணி துவைக்கும் இயந்திரம் பாதியில் நின்றுபோனது. இணையத்தில் அதன் உதவிப் பக்கத்தைத் தேடி, அச்செடுத்துக்கொண்டு, இயந்திரத்தின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். தாளில் தலைப்புகள் மட்டும்தான் இருந்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு கூட்டல் குறி. திரையில் அதைத் தொட்டால் உள்ளே மறைந்திருக்கும் விளக்கம் விரியும். தாளில் எது விரியும்? 'தண்ணீர் வெளியேறவில்லை என்றால் [+]'. என்றால் என்னய்யா செய்வது என்று தாளைப் பார்த்துக் கத்தினேன். பிறகு, யாரும் பார்க்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டு, அந்தக் குறியை விரலால் ஒருமுறை அழுத்தியும் பார்த்தேன்.

இதை எழுதிய புண்ணியவான் யார் என்ற கோபத்தில்தான் கதையை ஆரம்பித்தேன். எழுத எழுத அவர் ஒரு பெண்ணாகிவிட்டார். கோபமும் எங்கோ போய்விட்டது.

2

'மழை பெய்து ஓய்ந்த ஒரு மாலையில் அவள் தன்' — இல்லை. மழையெல்லாம் பெய்யவில்லை.

'தந்தைக்கும் மகளுக்கும் இடையே ஒரு மாபெரும்' — இதுவும் வேண்டாம். மாபெரும் என்று எழுதிய கை அடுத்த வரியில் பொய் சொல்லும்.

நேராகவே சொல்கிறேன். காது கேட்கும் கருவி செய்யும் ஒரு நிறுவனத்தில் அவள் உதவிப் பக்கங்கள் எழுதுகிறாள். எதை வெளியில் காட்டுவது, எதைக் கூட்டல் குறிக்குள் மறைப்பது என்பதுதான் அவளுடைய வேலையில் பாதி. மறைப்பதில் அவள் கெட்டிக்காரி. எட்டுத் திரை நீளத்துக்கு இருந்த பக்கத்தை ஒரே திரைக்குள் அடக்கியவள். அலுவலகத்தில் அவளைக் 'கூட்டலக்கா' என்றே கூப்பிடுவார்கள்.*

"நீளமா இருந்தா எவன் படிப்பான்? மூடி வச்சா வேணுங்கிறவன் தெறந்துக்குவான்" என்பது அவளுடைய மேலாளரின் வேதவாக்கு. அவளுக்கும் அதுதான் பிடித்திருந்தது.

(* முதல் வரைவில் அவளுக்குக் கணவன் ஒருவன் இருந்தான். காபி போட்டுக்கொடுப்பதைத் தவிர அவனுக்குக் கதையில் வேலை இல்லாததால் அனுப்பிவிட்டேன். நல்ல மனிதன்தான்.)

3

அவளுடைய அப்பா லிப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். பேருந்தில் ஐந்து மணி நேரத் தொலைவில், இன்னொரு ஊரில் தனியாக இருக்கிறார். காது மந்தமானபோது, மகள் எழுதும் பக்கம் எந்தக் கருவிக்கோ அந்தக் கருவியைத்தான் வாங்குவேன் என்று அடம்பிடித்து வாங்கினார்.

அம்மா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அப்போது நிறுவனத்தில் புதுக் கருவி வெளிவரும் நேரம். "இன்னும் ரெண்டே நாள்பா, பக்கத்தை முடிச்சுட்டு வந்துடறேன்" என்று மகள் தொலைபேசியில் சொன்னாள். அவள் வந்து சேர்ந்தபோது கட்டிலை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டிருந்தார்கள். அப்பா ஒரு வார்த்தை கேட்கவில்லை. "சாப்பிட்டியா?" என்றார். அந்தக் கேள்வியை இரண்டு வருடமாக அவளால் விழுங்க முடியவில்லை.

மூன்று வாரத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, வழக்கமாக அவள் பேச அவர் 'சரிம்மா' போடும் பத்து நிமிடத்தில், அவளுக்கே தெரியாமல் எல்லாம் கொட்டிவிட்டது. "நான் வந்திருக்கணும்பா. வேலைன்னு சொன்னேன், ஆனா பயமாவும் இருந்துச்சு. அம்மாவை அப்படிப் பாக்க பயந்துதான் அந்த ரெண்டு நாளைத் தள்ளிப் போட்டேன். என்னை மன்னிச்சுடுங்கப்பா."

பிறகு அப்பாவின் குரல் வந்தது.

"சரிம்மா. சரிம்மா. ஒடம்பப் பாத்துக்க."

அவள் அழுது முடித்து முகம் கழுவினாள். அந்த வாரம் முழுக்க அலுவலகத்தில் எல்லோரிடமும் சிரித்துப் பேசினாள். இரண்டு வருடப் பாரம் இறங்கிவிட்டது என்று நினைத்தாள்.

4

போன சனிக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் அப்பாவைப் பார்க்கப் போனாள். கதவு திறந்திருந்தது. அடுப்படியில் அவர் முதுகைக் காட்டிக்கொண்டு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். "அப்பா" என்றாள். திரும்பவில்லை. பக்கத்தில் போய்க் கத்தினாள். திரும்பவில்லை. தோளைத் தொட்டதும் தூக்கிவாரிப் போட்டு, பிறகு முகமெல்லாம் சிரித்தார். கருவி காதில்தான் இருந்தது.

அலமாரிக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. அவள் எழுதிய உதவிப் பக்கம். தெருமுனை ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்தது. பதினொரு தலைப்புகள், பதினொரு கூட்டல் குறிகள். ஒவ்வொரு குறியின் மேலும் விரல்பட்டுப் படிந்த அழுக்கு. பக்கத்தில் பென்சிலால், உள்ளே என்ன இருக்கும் என்று அவராகவே ஊகித்து எழுதியிருந்தார்.

'ஒலி விட்டு விட்டுக் கேட்டால் [+]' — ஒயர் லூசாக இருக்கும். (அந்தக் கருவியில் ஒயரே கிடையாது.)

'விசில் சத்தம் வந்தால் [+]' — எண்ணெய் போடலாமா? கூடாது என்று நினைக்கிறேன்.

'ஒலியே கேட்கவில்லை என்றால் [+]' — காது முழுசாகப் போய்விட்டது என்று அர்த்தம்.

கடைசியாக, 'இதற்குப் பிறகும் சரியாகவில்லை என்றால் [+]' — பாப்பாவிடம் கேட்கணும். வேலையாக இருப்பாள்.

அவள் அந்த வரியின் முன்னால் நின்றாள். (இங்கே நான் அழுதேன். எழுத்தாளன் அழக்கூடாது என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.)

ஒலியே கேட்கவில்லை என்றால், நுனியில் இருக்கும் பில்டரில் குறும்பி அடைத்திருக்கும். அதை மாற்ற வேண்டும். இரண்டு நிமிட வேலை. அந்த இரண்டு வரியை, பக்கம் பார்க்க அழகாக இருக்கட்டும் என்று மூடிவைத்தது அவள்தான். கைப்பையில் மாதிரிக்கு வைத்திருந்த புது பில்டரை எடுத்து மாட்டி, கருவியை அவர் காதில் வைத்தாள்.

"இந்த ஃபேன் இவ்வளவு சத்தமாவா சுத்துது?" என்றார் அப்பா.

"எப்போலேருந்துப்பா கேக்கல?"

"ஒன்றரை மாசம் இருக்கும். சரி, வயசாச்சு, முடிஞ்சுதுன்னு விட்டுட்டேன்."

"என்கிட்ட சொல்ல வேண்டியதுதானே! பேப்பர்ல அமுக்கினா தெறக்குமா?"

"தெறக்காதுன்னு தெரியாதா எனக்கு? காலமெல்லாம் பொத்தானை அமுக்கின வெரலு, சும்மா இருக்கல. நீ எழுதினதாச்சே."

ஒன்றரை மாதம். அவள் மனதுக்குள் வாரங்களை எண்ணினாள்.

"அப்போ, நான் போன்ல பேசினதெல்லாம்..."

"எடுத்தேனே. ஞாயித்துக்கெழமை போன்ல வெளிச்சம் வந்தா நீதான். ஒரு வாரம் விடலையே."

"என்ன பேசினேன்னு தெரியுமா?"

அப்பா தாளைப் பார்த்தார். "நல்லாத்தாம்மா பேசின" என்றார்.

5

திங்கட்கிழமை அவள் முதல் வேலையாக, அச்செடுத்தால் எல்லாக் குறிகளும் தானாகத் திறந்தே அச்சாகும்படி மாற்றப்போகிறாள். இல்லாவிட்டால் காரியமே நடக்காது என்கிற எதையும் இனி மூடுவதில்லை என்று மேலாளரோடு சண்டை போட்டு ஜெயிக்கவும் போகிறாள். அந்த முடிவு எனக்குச் சுலபமாக வந்தது. சனிக்கிழமைதான் நகரவில்லை.

ஒரு முடிவில், அவள் மறுபடி எல்லாம் சொன்னாள், இருவரும் அழுதார்கள். நான்கு பக்கம் எழுதிக் கிழித்தேன். அழுகை என்னுடையதாக இருந்தது, அவர்களுடையதாக இல்லை.

இன்னொன்றில் அப்பா, "அன்னைக்கே கேட்டுச்சும்மா" என்றார். இதை நான் நம்பவில்லை. மகளுக்காக எந்த அப்பாவும் கூசாமல் சொல்லும் பொய் அது. பொய்யாகவே இருந்தால்தான் என்ன என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன்.

மூன்றாவதில் அவள் ஒன்றும் சொல்லாமல் ஊர் திரும்பினாள். அந்த முடிவில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

6

எனக்கு உறுதியாகத் தெரிந்தது இவ்வளவுதான்.

அவள், "அப்பா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். ஏற்கெனவே சொன்னதுதான்" என்றாள். அப்பா எழுந்துபோய் ஃபேனை நிறுத்தினார். சொட்டிக்கொண்டிருந்த குழாயையும் இறுக்கி மூடினார். நாற்காலியை அவள் பக்கமாக இழுத்துப் போட்டு, கருவி இருக்கும் காதை அவளுக்குக் கொடுத்து உட்கார்ந்தார்.

"இப்ப சொல்லு பாப்பா."

இதற்கு மேல் நீங்கள்தான். நீங்கள் கையில் வைத்திருப்பது தாளென்றால் திறக்காது, எனக்கும் தெரியும். இருந்தாலும் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். ஓரத்தில் இடம் விட்டிருக்கிறேன். பென்சிலால் எழுதினால் போதும்.

அவள் சொன்னது [+]

அவர் சொன்னது [+]