வேலியோரத் தூக்கம்

வட துருவத்தை ஒட்டிய எங்கள் ஊரில் குழந்தைகள் பனியில்தான் தூங்குவார்கள். கம்பளிப் பைக்குள் செருகி, தள்ளுவண்டியில் கிடத்தி, வெளியே நிறுத்திவிட்டால் போதும், உள்ளே தூங்குவதைவிட நன்றாகத் தூங்கும். மழலையர் பள்ளியில் அந்த வண்டிகளை நிறுத்துகிறவள் நான். நவம்பர் கடைசியில் சூரியன் இரண்டு மாதத்துக்கு எங்களிடம் விடைபெற்றுப் போய்விடும். அப்புறம் நடுப்பகலில் மட்டும் கொஞ்ச நேரம் மலையும் கடலும் பனியும் ஒரே நீலமாகும். அந்த நீலத்தில் குழந்தைகள் வரிசையாக மூச்சு விட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்தால், தூங்குவது அவர்களா நானா என்று எனக்கே சந்தேகம் வந்துவிடும்.

வேலிக்கு அந்தப் பக்கம் பெரிய பிள்ளைகளின் பள்ளிக்கூடம். இடைவேளை விட்டதும் எல்லோரும் சறுக்கு மேட்டுக்கு ஓடுவார்கள். ஒருத்தி மட்டும் வேலிக்கு வருவாள். பெயர் ரன்வைக், ஒன்பது வயது. அவளுடைய தம்பி எஸ்கில், இரண்டு வயதுக்காரன், என் வண்டிகளில் ஒன்றில் கிடப்பான்.

அவர்களுடைய அம்மாவுக்கு மனம் சரியில்லாமல் போய்விட்டது. குழந்தை நல அலுவலகம் பிள்ளைகளை வளர்ப்பு வீடுகளில் விட்டது. இருவரையும் சேர்த்து ஏற்றுக்கொள்ள ஒரு வீடு கிடைக்கவில்லையாம். அக்காவுக்கு விரிகுடாவின் இந்தக் கரை, தம்பிக்கு அந்தக் கரை; பகலில் மட்டும் அவனைப் பழையபடி எங்கள் மழலையர் பள்ளிக்குக் கொண்டுவந்து விடுவார்கள். கடலுக்கு அடியில் எண்ணெயைக் கண்டுபிடித்த நாடு, இரண்டு கட்டில் போட ஒரு வீட்டைக் கண்டுபிடிக்க முடியாமல் தவித்தது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அலுவலக அறையில் இருவரும் சந்திக்கலாம். அலுவலர் ஒருவர் ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

எஸ்கிலின் வண்டியை வேலியை ஒட்டி நிறுத்தியது நான்தான். யாரும் சொல்லவில்லை, நானும் யாரையும் கேட்கவில்லை.

ரன்வைக் தம்பிக்குத் தாலாட்டெல்லாம் பாட மாட்டாள். கனவு கொடுப்பாள். கையுறையைக் கழற்றி, கம்பி இடுக்கில் விரலை நுழைத்து, அவனுடைய பையின் நுனியைப் பிடித்துக்கொள்வாள்.

"எஸ்கில், இன்னிக்கு உனக்குத் திமிங்கலம். அது முதுகுல உக்காந்துக்கோ. வழுக்கும், ஆனா பயப்படாத. பின்னாடி நான் பிடிச்சிட்டிருக்கேன்."

"நேத்து என்னடி குடுத்த?" என்று கேட்பேன்.

"நேத்து பஸ்ஸு. கடலுக்கு அடியில போற பஸ்ஸு. டிரைவர் ஒரு கடல்நாய்."

"அதுக்கு டிக்கெட் உண்டா?"

"சின்னப் பிள்ளைங்களுக்கு எதுக்கு டிக்கெட்டு? இதுகூடத் தெரியாதா, ஹெர்டிஸ்? நீங்கல்லாம் எப்படி வேலைக்குச் சேந்தீங்க?"

அவன் கண் சொக்கி, வாய் லேசாகத் திறந்து, உறங்கிப்போவான். நீலம் அவன் கன்னத்தில் இறங்கும். மணி அடிக்கும்வரை அவள் விரலை எடுக்க மாட்டாள். விறைத்துப்போன அந்த விரலை ஒருநாள் என் கைக்குள் வைத்துச் சூடேற்றியபோது கேட்டாள்: "அவன் என்னை மறந்துட்டா, அப்புறம் நான் யாருக்கு அக்கா?" அவளுடைய கையுறையை எடுத்து மாட்டிவிட்டேன்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் அவர்கள் விவகாரம் மறுபடி குழந்தை நல வாரியத்துக்குப் போனது. பிள்ளையைக் கேட்காமல் பிள்ளையைப் பற்றி எதுவும் முடிவு செய்யக் கூடாது என்பது எங்கள் சட்டம். நல்ல சட்டம், குறை சொல்ல முடியாது. கேட்பதற்கென்றே சிஸ்ஸல் என்ற பெண்மணி வந்தாள். பிள்ளை தனக்கு நம்பிக்கையான ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளலாம் என்பதும் சட்டத்தில் உண்டு. ரன்வைக் என்னைக் கூப்பிட்டாள்.

மெத்தைகள் போட்ட சின்ன அறை. சூடான கோகோ, மெழுகுவர்த்தி, கையில் மாட்டிக்கொள்ளும் நரிப் பொம்மை ஒன்று.

"நீ சொல்றது எங்களுக்கு ரொம்ப முக்கியம்மா," என்றாள் சிஸ்ஸல். "உனக்கு என்ன வேணும்?"

"எஸ்கிலோட ஒரே வீட்டுல இருக்கணும்."

"அது முடியாமப் போனா?"

"அப்போ வேலி போதும்."

"என்ன வேலி?"

ரன்வைக் முகம் மலரச் சொன்னாள். கம்பி இடுக்கு, திமிங்கலம், கடல்நாய் ஓட்டும் பஸ், எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னாள். அவ்வளவு நாள் யாரும் அவளிடம் கேட்டதில்லை அல்லவா, கொட்டித் தீர்த்துவிட்டாள். சிஸ்ஸலுக்குக் கண் கலங்கியது. பொய்க் கலக்கம் இல்லை. இந்தக் கதையில் கெட்டவர் ஒருவராவது இருந்திருந்தால், திட்டுவதற்கு எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

புது வருடம் பிறந்து கொஞ்ச நாளில் முடிவு வந்தது. வீடுகளில் மாற்றமில்லை. வேலி விஷயம் திட்டத்தில் இல்லாத சந்திப்பாம். சின்னவன் புது வீட்டில் ஒட்டுவதற்கு அது இடைஞ்சலா என்று நிபுணர்கள் பார்த்துச் சொல்லும்வரை நிறுத்தி வைக்க வேண்டுமாம். பிள்ளையின் கருத்துக்கு உரிய மதிப்பு அளிக்கப்பட்டது என்றும் சொல்லியிருந்தார்கள். பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்கானது.

"ஹெர்டிஸ், அந்த வண்டியைக் கட்டடத்துக்குப் பின்னாடி நிறுத்திடு," என்றாள் எங்கள் தலைவி குன்வோர்.

"தூங்குற குழந்தையில என்னத்தப் பாத்துச் சொல்லப் போறாங்க?"

"என்கிட்ட எதுக்குக் கத்துற? எனக்கு மட்டும் இது பிடிச்சிருக்கா?"

சில நாள் சொன்னபடி செய்தேன். எஸ்கில் தூங்கவில்லை. பையிலிருந்து எக்கி எக்கி வேலிப் பக்கம் தலையைத் திருப்பினான். ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. நல்ல நீல வேளை, மூச்சுகூடப் புகையாக நின்றது. குன்வோரின் ஜன்னலுக்கு நேராகவே வண்டியைத் தள்ளிக்கொண்டு வேலிக்குப் போனேன். அவள் பார்த்தாள். பிறகு குனிந்து காப்பிக் கோப்பைக்குள் பார்த்தாள்.

ரன்வைக் வேலியில் இல்லை. தூரத்தில், எங்களுக்கு முதுகு காட்டி, பனியை உருட்டுவதுபோல நின்றிருந்தாள். கூப்பிட்டேன். உருட்டிக்கொண்டே மெல்ல நகர்ந்து வந்து, பூட்ஸ் கயிற்றைக் கட்டுகிறவள்போலக் குனிந்தாள்.

"சீக்கிரம் வாடி. தூக்கத்துக்குச் சொக்குறான். ஒரு கனவு குடு."

அவள் தலையாட்டி மறுத்தாள். "அந்த சிஸ்ஸல் காலைல திரும்ப வந்தாங்க. இப்போ எப்படி இருக்க, என்ன வேணும்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"ஒண்ணும் வேணாம், நல்லா இருக்கேன்னு சொன்னேன்."

வண்டிக்குள் எஸ்கில் அவளைக் கண்டுகொண்டான். அத்தனை தூக்கமும் போய், இரண்டு கையையும் நீட்டி, "ரன்னா! ரன்னா!" என்று சிரித்துக் கூவினான். மறக்கவில்லை அவன்.

அவள் முகம் ஒரு கணம் பூத்தது. உடனே விரலை உதட்டில் வைத்து, பள்ளிக்கூடத்து ஜன்னல்களைத் திரும்பிப் பார்த்தாள்.

"உஷ்! கத்தாதடா," என்றாள். "கேட்டுருவாங்க."