நீலத் தார்ப்பாய்

முதலாளி ஜனகராஜின் செங்கல் காளவாசலில் ஒரு வழக்கம் இருந்தது. சாவோ சடங்கோ, புருஷன் பெண்டாட்டியில் ஒருவர்தான் ஊருக்குப் போகலாம். மற்றவர் பிள்ளையோடு இருந்து செங்கல் அறுக்க வேண்டும். வாங்கிய முன்பணத்துக்கு அதுதான் ஈடு. அம்மா செத்தபோது பாண்டிச்செல்வி தனியாகப் போய் அழுதாள். புருஷன் முத்திருளனையும் மகளையும் நினைத்துக்கொண்டு மறுநாளே திரும்பி வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்துக் குடிசைச் சின்னத்தாய் பைபிள் வாசிப்பாள்.

"அந்தக் காலத்துல ஒரு ராசாகிட்ட அடிமையாக் கெடந்த சனமும் நம்மள மாதிரி செங்கதான் அறுத்தாகடி. மண்ணுல பெசைய ராசா வைக்கோலும் குடுக்க மாட்டானாம், கல்லு மட்டும் கொறையக் கூடாதாம்."

"நம்ம மொதலாளிக்குப் பங்காளியா இருப்பான் போலக்கா."

"சிரிக்காத. சாமி கடலைப் பொளந்துச்சு. ரெண்டு பக்கமும் தண்ணி செவுரு மாதிரி நின்னுச்சு. நடுவுல நடந்து போயிட்டாக."

"எல்லாருமா?"

"ஆடு மாடு உட்பட."

"இங்க வைகையிலயே தண்ணியில்ல. கடலுக்கு எங்க போறது?"

ஆனால் மழை இருந்தது. மழை பட்டால் சுடாத பச்சைக் கல் கரைந்து சேறாகிவிடும். கரைந்த கல்லின் நஷ்டம் அறுத்தவர் தலையில் விழும். அதனால் தூறல் போட்டதும் எல்லோரும் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். வாசலில் காவல் இருக்கும் மேஸ்திரி காசிமாயனும் ஓடுவான். வாசல் வெறுமையாகக் கிடப்பதைப் போன மழையில்தான் பாண்டிச்செல்வி கவனித்தாள்.

"அடுத்த மழைக்குப் போயிரணும். போனா மூணு பேருமா," என்றாள். களிமண் கையோடு அவள் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் செய்தான் முத்திருளன்.

செவ்வாய்க்கிழமை மதியம் அழகர்மலைப் பக்கமிருந்து மேகம் திரண்டு வந்தது. "தார்ப்பாய்! தார்ப்பாய்!" என்று கத்திக்கொண்டு காசிமாயன் களத்துக்கு ஓடினான். நான்கு வயது தமிழ்வாணியை இடுப்பில் தூக்கிக்கொண்டு அவள் வாசலுக்கு ஓடினாள். வெளியே கால் வைத்த பிறகுதான் திரும்பிப் பார்த்தாள். பின்னால் அவன் இல்லை.

களத்தில் இருந்தான். காலையில் இருவரும் சேர்ந்து அறுத்த வரிசையின் மேல் நீலத் தார்ப்பாயை இழுத்துக்கொண்டிருந்தான். மழை என்றால் கல்லைப் பார்த்து ஓடுவது மூன்று வருஷமாக அவன் காலுக்குப் பழகியிருந்தது. சத்தியம் செய்தவனுக்கு முன்னால் அந்தக் கால் ஓடிவிட்டது.

அவன் நிமிர்ந்தான். வாசலில் அவளைப் பார்த்தான். அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. வாய் பிளந்து நின்றான். இருவருக்கும் நடுவில் காசிமாயன், அடுத்த தார்ப்பாயை எடுக்க வாசல் பக்கமாகத் திரும்பிக்கொண்டிருந்தான்.

முத்திருளன் தார்ப்பாயின் இரண்டு முனைகளையும் பிடித்துக்கொண்டு காசிமாயனுக்கு முன்னால் பாய்ந்தான். கைகளைத் தலைக்கு மேல் உயர்த்தினான். காற்றில் அது புடைத்துச் சுவராக எழுந்து நின்றது. அதற்குப் பிறகு களத்தில் யாரும் அவளுக்குத் தெரியவில்லை. அவன் குரல் மட்டும் கேட்டது.

"அண்ணே, காத்து தூக்குதுண்ணே! இந்த முனையப் பிடிங்க!"

"கழுதப்பயலே, கீழ அமுக்குடா! கல்லு கரையுது!"

"முடியலண்ணே!"

அவன் அமுக்கவில்லை. வரிசையிலிருந்து செஞ்சேறு ஓடையாக வழிந்து வாசல்வரை வந்தது. அவள் ஓடினாள்.

அலங்காநல்லூர் ரோட்டில் நின்ற மதுரை பஸ்ஸில் ஏறினாள்.

"எங்கம்மா போகணும்?" என்றார் கண்டக்டர்.

"கலெக்டர் ஆபீசு." யாராவது நேரில் போய்ச் சொன்னால் அதிகாரிகள் வந்து ஆட்களை மீட்பார்கள் என்று சின்னத்தாயின் சபைக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். "மணி எம்புட்டுண்ணே?"

"மூணே முக்கால்."

ஆறு மணிக்குக் காசிமாயன் தலை எண்ணுவான். இரண்டு குறையும். அதற்குப் பிறகு முத்திருளனை என்ன செய்வார்கள் என்பது அவளுக்குத் தெரியும். ஓடிப்போனவர்களின் வீட்டு ஆட்கள் அடிபட்டுக் கிடந்ததை அவள் பார்த்திருக்கிறாள்.

"அப்பா வரலையா?" என்றாள் தமிழ்வாணி.

"வேற யாரும் ஏறணுமா?" என்று கேட்டுக்கொண்டே கண்டக்டர் விசிலை வாயில் வைத்தார்.

ஏறணும் என்று சொல்ல வாய் திறந்தாள் பாண்டிச்செல்வி. பின் கண்ணாடியில் மழையைத் தவிர ஒன்றுமில்லை.

"இல்லண்ணே. சீக்கிரம் போங்க."