பொக்கை பெஞ்சு

டிரில் மாஸ்டருக்கு உலகமே ஒரு வரிசைதான். குட்டை முன்னால், நெட்டை பின்னால், காலில் அடிபட்டது மரத்தடி ஓரத்தில். வீட்டில் செருப்பைக்கூட அளவு பார்த்துத்தான் அடுக்குவார். அப்படிப்பட்டவரிடம் போய், பள்ளி மைதானத்தில் ஊராருக்குப் பெஞ்சு போடும் பொறுப்பைத் தலைமை ஆசிரியை ஒப்படைத்தார். இனி சாயங்காலத்தில் யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாமாம்.

மனிதர் சோறு தண்ணி மறந்து அலைந்ததற்குக் காரணம் ஊரார் அல்ல, அக்கா.

அக்காவும் அவரும் இருப்பது மைதானத்துக்கு எதிர்வீட்டில். தையல் கடை வைத்திருந்த காலத்தில், அக்கா ஊசியில் நூல் கோப்பதற்குள் ஊர்க்கதை பாதியை முடித்துவிடுவாள். ஒரு பக்கம் பேக்கரிக்காரம்மா, மறுபக்கம் நர்ஸம்மா, நடுவில் இவள். ஒரு விபத்துக்குப் பிறகு சக்கர நாற்காலி வந்தது, கடை போயிற்று, பேச்சும் போயிற்று. தோழிகள் வந்தால் தூங்குவதாகச் சொல்லச் சொல்லிவிட்டு ஜன்னலோரமே கதியென்று கிடந்தாள்.

மாஸ்டர் கெஞ்சிக் கூத்தாடினார். "ஒரே ஒரு தடவை வந்து பாருக்கா."

"வர்றேன். பிடிக்கலைன்னா இன்னொரு தரம் கூப்பிடக் கூடாது. சரியா?"

வீட்டு வாசல்படியை உடைத்துச் சரிவாக்கினார். மண்ணில் சக்கரம் புதையாமல் பாதை போட்டார். அக்காவின் நாற்காலியில் தானே உட்கார்ந்து உருட்டிப் பார்த்து, பிள்ளைகளின் சிரிப்பையும் வாங்கிக் கட்டிக்கொண்டார். மரத்தடியில் நீளமாக ஓர் இரும்புப் பெஞ்சு. அதன் கடைசியில், பந்து வராத ஓரமாகப் பார்த்து, நாற்காலிக்கு ஒரு சிமென்ட் தளம்.

அக்கா வந்தாள். தோழிகள் ஓடிவந்து உட்கார்ந்தார்கள். பேக்கரிக்காரம்மா பக்கத்தில் இருந்தாள். நர்ஸம்மாவுக்கு அவளைத் தாண்டி எட்டிப்பார்த்தே கழுத்து வலித்தது. அக்கா சுற்றிலும் ஒருமுறை பார்த்தாள்.

"டேய், அடிபட்ட பிள்ளைகளை நீ உக்கார வைக்கிற இடம்தானே இது?"

"ஓரமா இருந்தா யாரும் இடிக்க மாட்டாங்கன்னுதான்க்கா..."

"நல்லாத்தான்டா இருக்கு. வா, வீட்டுக்குப் போலாம்."

அவள் கோபப்பட்டிருந்தால்கூட அவருக்குத் தேவலை. இத்தனை வருஷமாக அந்த ஓரத்தில் உட்கார்ந்து மற்ற பிள்ளைகளின் ஆட்டத்தைப் பார்த்த முகங்களெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. அவருக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாளே வெல்டரைப் பிடித்தார்.

"நடுவுல அறுக்கணுமா? மாஸ்டர், பெயின்ட் வாசனைகூட இன்னும் போகல. நல்லாத்தானே இருக்கீங்க?"

தலைமை ஆசிரியை முறைத்த முறைப்பில் வேறு யாராக இருந்தாலும் லீவு போட்டிருப்பார்கள். மாஸ்டர் அசையவில்லை. பெஞ்சு இரண்டாயிற்று, நடுவே ஒரு நாற்காலி தாராளமாக நுழையும் இடைவெளி. அறுத்த முனைகளை வெல்டர் வழவழவென்று தேய்த்துக்கொடுத்தார். முன்பல் விழுந்த வாய்போல் இருந்ததால் பிள்ளைகள் அதற்குப் பொக்கை பெஞ்சு என்று பேர் வைத்துவிட்டார்கள்.

ஆனால் வாக்கு வாக்குதான். அக்காவை அவர் கூப்பிடவில்லை. பெஞ்சைப் பற்றி மூச்சே விடவில்லை.

தோழிகளுக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இடைவெளியைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார்கள். தினமும் சாயங்காலம் இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி. நடுவில் காலி இடத்தை வைத்துக்கொண்டு தொண்டை கிழியப் பேசினார்கள். அக்கா ஜன்னலில் இருந்து பார்த்தாள். "என்ன கத்து கத்துறாளுக," என்று முணுமுணுத்தாள். ஜன்னலை மட்டும் சாத்தவில்லை.

ஒரு சாயங்காலம், ஆட்டம் சூடுபிடித்த நேரத்தில், மாஸ்டர் விசிலும் வாயுமாக நின்றபோது சரிவில் ஒரு நாற்காலி தானாக உருண்டு வந்தது.

"வழி விடு மாஸ்டரு."

அக்கா நேராகப் போய், நாற்காலியைத் திருப்பி, பின்பக்கமாக அந்த இடைவெளிக்குள் நுழைந்து பிரேக்கைப் போட்டாள்.

"பொக்கை பெஞ்சாமே? இனிமே எவனாவது சொல்லட்டும், பாத்துக்கறேன்." இரண்டு கைகளையும் இரண்டு பக்கமும் நீட்டி, தோழிகளின் கைகளைப் பிடித்துக்கொண்டாள். "சரி, நான் இல்லாதப்ப என்னெல்லாம் நடந்துச்சு? முதல்லேருந்து சொல்லுங்கடி."

"சார், கோல்! விசில் ஊதுங்க சார்!" என்று பிள்ளைகள் கத்தினார்கள்.

விசில் அவர் வாயில்தான் இருந்தது. அழுதுகொண்டே எப்படி ஊதுவது?