தோற்க வேண்டிய ஆட்டம்

இந்தக் கதையில் எது உண்மையாக நடந்தது, எது பிறகு சொல்லிச் சொல்லிச் சேர்ந்தது என்று இப்போது பிரித்தெடுக்க முடியவில்லை. அன்றைக்கு மழை பெய்ததா என்பதுகூடச் சந்தேகம்தான். மண்டபத்துக் கூரை ஒழுகியது நன்றாக நினைவிருக்கிறது. ஆனால் அந்தக் கூரை வெயில் காலத்திலும் ஒழுகும் என்று சொல்பவர்கள் உண்டு. றோஸ்மேரி போட்ட புள்ளிகள் எத்தனை என்று இரண்டு பேரிடம் கேட்டால் மூன்று விடை வரும். அந்த வசந்த காலம் முழுக்க அமலினி சிரித்துக்கொண்டே திரிந்தாள் என்பதில் மட்டும் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

அமலினி இத்தாலியின் பாலெர்மோ நகரத்தில், போர்கோ வெக்கியோ என்ற பகுதியில் பிறந்து வளர்ந்தவள். தாய் தகப்பன் மன்னாரிலிருந்து வந்தவர்கள். பாலெர்மோவின் பெண்கள் கூடைப்பந்துக் குழுவான ‘தெல்ஃபினி’யில் ஆறு வருடமாகச் சம்பளத்துக்கு இருந்தாள். இருந்தாள் என்பதுதான் சரியான சொல். விளையாடினாள் என்றால் பொய்யாகிவிடும். மைதான ஓரத்துக் கதிரைகளில் கடைசிக் கதிரை அவளுடையது. தண்ணீர்ப் போத்தல் நிரப்புவது, துவாயைச் சுழற்றிக் கத்துவது, குழு மீளமுடியாத அளவுக்குப் பின்தங்கிய பிறகு கடைசி நிமிடத்தில் இறங்கி ஓடிவிட்டு வருவது. இவ்வளவுதான் உத்தியோகம்.

பிறகு ஆட்கள் போகத் தொடங்கினார்கள். நத்தார்ப் பண்டிகைக்கு முன்பே இரண்டு அமெரிக்கப் பெண்களும் போலந்துக்குப் போனார்கள். குரோவாசியாக்காரி முழங்காலைக் காட்டி ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டாள். லித்துவேனியாக்காரிக்குக் காதல் வந்தது, காதலன் மிலானில் இருந்தான். ஒவ்வொருத்திக்கும் கேக் வெட்டி, கட்டிப்பிடித்து, படம் எடுத்து அனுப்பிவைத்தார்கள். ஒவ்வொருத்தி விமானம் ஏறும்போதும் அமலினி ஒரு கதிரை முன்னேறினாள். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்களே, அதுபோலக் குழு தேயத் தேய இவள் வளர்ந்தாள். தவக்காலம் தொடங்கியபோது முதல் ஐந்து பேரில் ஒருத்தி. குருத்தோலை ஞாயிறு வந்தபோது தலைவி. தோல்விக்கு மேல் தோல்வியாக வந்துகொண்டிருந்தது. அவளோ வீட்டுக்குப் பாட்டுப் பாடிக்கொண்டு போனாள். தலைவியின் கைப்பட்டியைக் கழற்றாமலே ஒருநாள் பூசைக்குப் போனதாகவும் சொல்கிறார்கள்.

இந்த நேரத்தில்தான் பிரெசிதென்தே வந்து பேசினார். கழகத்தின் உரிமையாளர் அவர். குளியலறை ஓடு விற்கிற மனிதர். எல்லோரும் அவரைக் கழகத் தலைவர் என்ற பதவிப் பெயராலேயே கூப்பிட்டார்கள்.

“பிள்ளைகளே, வடக்கே ஒரு ஊர் இருக்கிறது. பனிமூட்டம், பணம், புது மண்டபம் எல்லாம் இருக்கிறது. இரண்டாம் பிரிவில் விளையாட இடம் மட்டும் இல்லை. நம்மிடம் அது இருக்கிறது. கடைசி ஆட்டத்தை வென்றால் பிரிவில் நிலைத்துவிடுவோம். கழகத்தைப் பெயரோடு அங்கே கொண்டுபோய்விடலாம்.”

உயரமான உள்ளூர்க்காரி ஜெசிக்கா, வளையத்தடியில் விளையாடுகிறவள், கையை உயர்த்தினாள். “நாங்களும் போவோமா?”

“ஒரு சிலர். அவர்களுக்கும் சொந்த ஆட்கள் இருப்பார்கள் அல்லவா?”

“தோற்றால்?”

“தோற்றால் மூன்றாம் பிரிவு. அதை எவன் வாங்குவான்? எல்லோரும் இந்த ஒழுகல் கூரைக்குக் கீழேயே கிடந்து சாகவேண்டியதுதான்!”

அவர் அதைப் பயமுறுத்தலாகத்தான் சொன்னார். அமலினிக்கு அது மோட்சத்தின் விவரணை மாதிரிக் கேட்டது. இதே மண்டபம், இதே கூரை, முதல் ஐந்தில் அவள். உடைமாற்றும் அறைக்குப் போனதும் ஜெசிக்காவும் அவளும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஜெசிக்காவுக்கும் ஊரை விட்டுப் போக மனமில்லை.

“வேண்டுமென்று தோற்கக் கூடாது,” என்றாள் ஜெசிக்கா. “அது கேவலம்.”

“கூடவே கூடாது,” என்றாள் அமலினி. “முழு மனதோடு விளையாடுவோம். எப்படியும் தோற்போம்.”

நியாயமான நம்பிக்கைதான். ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. ஆட்டத்துக்கு இறங்க எட்டுப் பேர் வேண்டும் என்பது அந்த லீக்கின் விதி. குழுவில் மிஞ்சியிருந்ததோ ஏழு பேர். ஆள் குறைந்து ஆட்டத்துக்கு வராத கழகத்தைக் கலைத்தேவிடுவார்கள். ஓடக்கூடிய யாரையாவது பிடித்து வா என்று பயிற்சியாளர் தொனத்தெல்லா ஒவ்வொருத்தியிடமும் கெஞ்சினாள். அமலினிக்கு உடனே ஒரு முகம் நினைவுக்கு வந்தது. ஓடவே ஓடாத முகம்.

அண்ணன் றெஜியின் மனைவி றோஸ்மேரி, கலியாணம் கட்டி மன்னாரிலிருந்து வந்தவள். பாலெர்மோவின் சீசா என்ற பகுதியில் இருந்தார்கள். பள்ளிக்கூடக் காலத்தில் அவள் ‘நெற்போல்’ எனப்படும் வலைப்பந்து விளையாடியவள், மாவட்டத்துக்கும் விளையாடியவள். போன வருடம் தேவாலயப் பங்குச் சுற்றுலாவில் அமலினி அவள் கையில் ஒரு கூடைப்பந்தைக் கொடுத்துப் பார்த்திருந்தாள். பந்தைப் பிடித்த றோஸ்மேரி நட்டுவைத்த கம்பம் மாதிரி நின்றுவிட்டாள்.

“தட்டிக்கொண்டு ஓடுங்கோ மச்சாள்!”

“பந்தை ஏன் தட்டவேணும்? அது என்ன பிழை செய்தது?”

வலைப்பந்தில் பந்தோடு ஓட முடியாது, தட்டவும் முடியாது. பிடித்த இடத்தில் நிற்கவேண்டும். எதிராளி மூன்று அடி தள்ளித்தான் நிற்கவேண்டும். கோல் போடுகிறவள் எதிர்ப்பக்க வளையத்தை விட்டு இந்தப் பக்கம் வரவே கூடாது. றோஸ்மேரியின் கால்களுக்குள் அந்தச் சட்டங்கள் பத்துக் கட்டளைகளைப் போல இறங்கியிருந்தன. இப்படி ஒரு ஆளோடு எந்தக் குழுவும் நேர்மையாகத் தோற்கலாம்.

அமலினி போனபோது றோஸ்மேரி மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

“மச்சாள், சனிக்கிழமை என்ன செய்யிறியள்?”

“வேலை செய்யிற வீட்டுச் சிஞ்ஞோராவின்ர யன்னல் துடைக்கிற நாள்.”

“அதை விடுங்கோ. என்னோட விளையாட வாங்கோ.”

“நெற்போலோ?”

“கிட்டத்தட்ட.”

சோபாவில் படுத்திருந்த றெஜி எழும்பி உட்கார்ந்து சிரித்தான். “இவளோ? இவள் பஸ்ஸுக்கே ஓடமாட்டாள்.”

“பஸ் நிக்கும்தானே. நான் ஏன் ஓடவேணும்?” என்றாள் றோஸ்மேரி, மீனிலிருந்து கண்ணை எடுக்காமல். “நான் கோல் சூட்டர். பந்து என்னட்டை வரும். நான் பந்திட்டைப் போறேல்லை.”

“அதுதான் மச்சாள் வேணும்,” என்றாள் அமலினி. சிரிப்பை அடக்கியதில் அவளுக்கு விக்கல் வந்துவிட்டது.

சனிக்கிழமை சட்டை கொடுத்தார்கள். போலந்துக்குப் போன ஒருத்தி விட்டுவிட்டுப் போன சட்டை. முதுகில் ‘வாஷிங்டன்’ என்று பெரிய எழுத்தில் இருந்தது. குட்டைக் காற்சட்டையைப் பார்த்ததும் றோஸ்மேரி முகம் சுளித்து, உள்ளே நீளமான கறுப்புக் காற்சட்டையும் போட்டுக்கொண்டு, கழுத்துச் சிலுவையைச் சட்டைக்குள் விட்டாள். மண்டபத்தில் வழக்கமாக வருகிற கிழவர்களோடு அன்றைக்குப் பங்கு சனம் பாதி வந்திருந்தது. றெஜி எல்லோருக்கும் சொல்லியிருந்தான். கைபேசியை நீட்டிப் பிடித்தபடி முன்வரிசையில் இருந்தான்.

முதல் பாதி அமலினி நினைத்தபடியே போனது. அவள் உயிரைக் கொடுத்து விளையாடினாள், குழு அழகாகப் பின்தங்கியது. மூன்றாவது கால்பகுதியில் ஜெசிக்கா ஐந்தாவது ஃபவுலோடு விதிப்படி வெளியே வந்தாள். கொஞ்சத்தில் இன்னொருத்தி கணுக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். தொனத்தெல்லா திரும்பிப் பார்த்தாள். மிஞ்சியிருந்தவர்களில் ஒருத்தி காய்ச்சலோடு பெயருக்கு வந்தவள். மற்றவள் றோஸ்மேரி, ஓரக் கதிரையில் முதுகை நிமிர்த்திப் பூசையில் இருப்பதுபோல இருந்தாள்.

“வாஷிங்டன், போ!” என்றாள் தொனத்தெல்லா.

றோஸ்மேரி எழுந்து, நிதானமாக நடந்து, எதிரணியின் வளையத்தடிக்குப் போய் நின்றாள். ஆட்டம் மற்றப் பக்கம் நடந்துகொண்டிருந்தது. எதிரணி இந்தப் பக்கம் பந்து போட வந்தபோதும் அவள் அசையவில்லை.

“மச்சாள்! இஞ்சாலை வாங்கோ! மறிக்கவேணும்!”

“கோட்டுக்கு இஞ்சாலை வரக்கூடாதடி!” என்று அங்கிருந்து குரல் வந்தது. “உனக்குச் சட்டம் தெரியாதோ?”

நாலு பேராக மறித்தார்கள். எதிரணியின் பந்து வளையத்தில் பட்டுத் தெறித்து அமலினியின் கைக்கு வந்தது. முன்னால் மூன்று பேர் மறித்து நின்றார்கள். தொலைவில் ஒருத்தி தனியாக, ஒரு கையை உயர்த்தி நின்றாள். அமலினி யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் எறிந்திருக்கமாட்டாள். பந்து மண்டபத்தின் முழு நீளமும் பறந்தது. றோஸ்மேரி பிடித்தாள். இரண்டு காலையும் ஊன்றினாள். பந்தைத் தலைக்கு மேல் தூக்கி, பலகையைத் தொடாமல், வலைக்குள் மெதுவாக விட்டாள். ஏணியில் ஏறி விளக்குக் குமிழ் மாட்டுகிறவளைப் போல.

முன்வரிசையிலிருந்து றெஜியின் குரல்: “எடியேய்!”

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் ஆளுக்கொரு மாதிரிச் சொல்கிறார்கள். எதிரணி ஒருத்தியை அவளுக்குக் காவல் வைத்தது. அந்தப் பெண் முதுகோடு ஒட்டி நின்றாள். றோஸ்மேரி திரும்பி, “மூண்டு அடி தள்ளி நில் பிள்ளை!” என்று தமிழில் அதட்டினாள். குரலில் என்ன இருந்ததோ, அந்தப் பெண் உண்மையாகவே தள்ளி நின்றாள். பந்து உள்ளே போனது. அடுத்த முறை தள்ளி நிற்காததற்கு றோஸ்மேரி நடுவரிடம் முறையிட்டாள். “பாருங்கோ, கிட்ட வந்து நிக்கிறா. விசில் ஊதுங்கோ!” நடுவர் ஊதினார், ஆனால் இவளுக்கு எதிராக. பந்து நம்மிடம் இருக்கும்போது வளையத்தடியில் மூன்று நொடிக்கு மேல் நிற்கக்கூடாது என்பது கூடைப்பந்து விதி. “இது என்ன கோதாரிச் சட்டம்?” என்று கேட்டுவிட்டு ஒரு அடி தள்ளி நின்று அங்கிருந்து போட்டாள். பந்து நம்மிடம் இல்லாத வேளையில் அங்கே நிற்பதற்குத் தடை இல்லை. அவள் நின்றாள். “வாஷிங்டன்! வாஷிங்டன்!” என்று கிழவர்கள் எழும்பி நின்று கத்தினார்கள். பங்கு சனமும் சேர்ந்து கத்தியது. அவர்களில் ஒருவரான அகஸ்ரீனா அக்கா செபமாலையைச் சுழற்றியதாக ஒரு பேச்சு உண்டு; அவர் மறுக்கிறார்.

அமலினிக்கு ஒவ்வொரு புள்ளிக்கும் மனம் ஐயோ என்றது, கால் துள்ளியது. இடைவேளையில் ஓரக் கதிரையிலிருந்த ஜெசிக்காவிடம் ஓடினாள்.

“நாம் வெல்லப்போகிறோம் போல இருக்கிறது.”

“தெரிகிறது,” என்றாள் ஜெசிக்கா. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. “எங்கிருந்து பிடித்தாய் இவளை?”

“மீன் வெட்டிக்கொண்டு நின்றவள்.”

கடைசி நொடிகளில் ஒரு புள்ளி பின்னுக்கு நின்றார்கள். பந்து அமலினியின் கையில். அவள் ஒன்றும் செய்யத் தேவையில்லை. தட்டிக்கொண்டே நின்றால் போதும். நேரம் தானாக ஓடிவிடும். மூன்றாம் பிரிவு, ஒழுகல் கூரை, முதல் ஐந்து, எல்லாம் அவளுக்கே. அந்த ஒரு நினைப்பு வந்தபோது மண்டபத்துச் சத்தம் முழுக்க அவளுக்குக் கேட்காமல் போனது. பந்து தரையில் படுகிற ஒலி மட்டும் கேட்டது. அங்கே மச்சாள் கையை உயர்த்தி நின்றாள். பந்து வரும் என்று அவளுக்குத் தெரியும். வராமல் இருக்கலாம் என்ற எண்ணமே அந்த முகத்தில் இல்லை. ஆறு வருடத்தில் அந்த மண்டபத்தில் ஒருவரும் அமலினியின் பந்துக்காக அப்படிக் காத்து நின்றதில்லை.

“விடடி பந்தை!”

விட்டாள்.

பந்து போனது, பிடிபட்டது, உயர்ந்தது, விழுந்தது. மணி அடித்தது. யாரோ அமலினியைத் தூக்கினார்கள். பிரெசிதென்தே தொனத்தெல்லாவின் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். றெஜி கைபேசியைக் கீழே போட்டுவிட்டு மனைவியைத் தூக்கப் பார்த்து முடியாமல் அவளோடு சேர்ந்து விழுந்தான். ஜெசிக்கா துள்ளிக்கொண்டு வந்து அமலினியின் காதுக்குள், “ஊரை விற்றுவிட்டாய், கழுதை!” என்று சொல்லி அவளை இறுக்கிக் கட்டிப்பிடித்தாள். இருவரும் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது அமலினி உண்மையைச் சொன்னாள். றோஸ்மேரி பைக்குள் வாஷிங்டன் சட்டையை மடித்து வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அப்ப என்னைத் தோக்கிறதுக்கோ கூட்டிக்கொண்டு போனனீ?”

“ஓம் மச்சாள்.”

றோஸ்மேரி பையை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, “முதலே கேட்டிருக்கலாமே,” என்றாள். “தோக்கத் தெரியாதெண்டு சொல்லியிருப்பன்.”

அந்தக் கோடையில் கழகம் வடக்கே போனது. பிரெசிதென்தே அங்கே ஒரு ஓட்டுக் கடையும் திறந்தார். ஜெசிக்கா குழுவோடு போனாள், குளிரைத் திட்டிக்கொண்டு அங்கேயே இருக்கிறாள். தொனத்தெல்லா ஒரு பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியை. றெஜி இன்னும் அதே சோபாவில். அமலினியை வடக்கே யாரும் கூப்பிடவில்லை. அவள் ஒரு பல் வைத்தியரின் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறாள். பாலெர்மோவின் கால்சா பகுதியில் உள்ள திறந்த மைதானத்தில், மிகக் கடைசிப் பிரிவில், சம்பளம் இல்லாத ஒரு குழுவுக்குத் தலைவியாக விளையாடுகிறாள். றோஸ்மேரி சனிக்கிழமைகளில் யன்னல் துடைக்கிறாள், ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் குழுவில் எதிர்ப்பக்க வளையத்தடியில் நிற்கிறாள். பெரும்பாலும் தோற்கிறார்கள்.