ஆறு அறைக்கும் ஒரே நம்பர்

கேரளத்தில் வண்டிப்பெரியாற்றுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே தொழிலாளர்களுக்கு வரிசையாக ஆறு அறைகள் கட்டிய லயத்தில், நாலாவது அறையில் டின்சியும் அவள் மகள் ஜிஸ்மியும் இருந்தார்கள். மற்ற ஐந்தும் பூட்டிக் கிடந்தன. தோட்டத்தில் வேலை குறையக் குறைய, ஒவ்வொரு குடும்பமாகக் கம்பத்துக்கும் தேனிக்கும் இறங்கிவிட்டது. டின்சியின் கணவன் சுஜின் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். முதலில் தினமும் போனில் பேசினான், பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில், இப்போது நினைத்தால்.

ஜிஸ்மிக்கு ஆறு வயது. மாதம் தவறாமல் காய்ச்சல் வந்தது. கோட்டயத்து டாக்டர் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். சிறுநீர் கிட்னியிலிருந்து குழாய் வழியாகப் பைக்கு இறங்கும். பை நிறைந்ததும் குழாயின் வாய் தானாக அழுந்தி மூடிக்கொள்ளும். ஜிஸ்மிக்கு அது மூடவில்லை. வந்த வழியே நீர் திரும்பி ஏறுகிறது, கிருமியையும் கூட்டிக்கொண்டு. குழாயைக் கொஞ்சம் நகர்த்தி, பையின் சதைக்குள் ஓடவிட்டுத் தைத்தால் சரியாகிவிடும். தள்ளிப்போட்டால் கிட்னி சுருங்கும். அரசாங்க இன்சூரன்ஸ் இருந்தால் செலவில்லை என்றார்.

இன்சூரன்ஸைப் புதுப்பிக்க, அரசாங்க மனுக்களைப் பதிந்து தரும் அக்ஷயா சென்டருக்குப் போனபோதுதான் டின்சிக்கு விஷயம் தெரிந்தது. ஏழைகளுக்கான அவளுடைய பிங்க் ரேஷன் கார்டு, வசதியுள்ளவர்களுக்கான வெள்ளையாகியிருந்தது.

"சேச்சிக்கு ஆயிரத்து முந்நூறு சதுர அடி வீடுன்னு காட்டுது," என்றாள் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண். "ஆயிரத்துக்கு மேல போனா பிங்க் கிடையாது. பிங்க் இல்லைன்னா இன்சூரன்ஸும் இல்ல."

பின்னால் நின்ற கொத்தனார் ஏசுரத்தினம் சிரித்துவிட்டார். "பங்களாக்காரி, எங்களையும் ஒரு நாளு விருந்துக்குக் கூப்பிடு."

வரிசையில் பேச்சு வளர்ந்தது. "எல்லார்ட்டயும் வருசத்துக்கு ஒரு தொகைய வாங்கிட்டு எல்லாப் பிள்ளைக்கும் குடுத்துரலாம்ல. கார்டுக் கலரு எதுக்கு?" என்றார் ஒருவர்.

"கட்ட முடியாத வருசம் எம்பிள்ளைக்குச் சீக்கு வந்தா நீரா பாப்பீரு?" என்றாள் கைக்குழந்தையோடு நின்றவள்.

"அப்ப வசதிக்காரன் பிள்ளைக்கும் சும்மா குடுக்கணுமாக்கும்," என்றார் முதலில் பேசியவர்.

"பிள்ளைக்கு ஏதுய்யா தனியா வசதி," என்றாள் அவள்.

எல்லாமே நியாயமாகத்தான் பட்டது டின்சிக்கு. "நான் கட்டுறேன். கட்டினாச் சேத்துக்குவீங்களா?" என்று கேட்டாள்.

"வெள்ளைக் கார்டுக்குக் கட்டுற வழியே இல்ல சேச்சி."

நடந்தது இதுதான். லயத்தைக் கட்டிய காலத்தில் பஞ்சாயத்து ஆறு அறைக்கும் சேர்த்து ஒரே கட்டட நம்பரைக் கொடுத்திருந்தது. ஆறு குடும்பமும் தங்கள் ரேஷன் கார்டில் அந்த நம்பரையே எழுதின. ஆறு கார்டுகள் இருந்தவரை பரப்பு ஆறாகப் பங்கு போனது. குடும்பங்கள் பெயரை வெட்டிக்கொண்டு மலையிறங்க இறங்க, இருப்பவர்களின் பங்கு பெருத்தது. போன மழைக்காலத்தில் பக்கத்து அறை செபமாலையம்மாளும் கம்பத்தில் மகள் வீட்டுக்குப் போனதும், முழுக் கட்டடமும் டின்சியின் தலையில் விழுந்தது. யாரும் பொய் எழுதவில்லை.

மனு கொடுத்ததும் ரேஷன் இன்ஸ்பெக்டர் டேப்போடு வந்தார். அளந்தார். "வாசல் தனி. அடுக்களையும் தனி. பக்ஷே இது?" என்று மேலே காட்டினார்.

லயத்துச் சுவர் கூரையைத் தொடாது. ஆள் உயரத்துக்கு மேல் ஒரு கை தூரத்தில் நின்றுவிடும். அதற்கு மேலே ஆறு அறைக்கும் ஒரே தகரக் கூரை, ஒரே இருட்டு. அடுப்புப் புகை பரவிப் போகட்டும் என்று அப்படி விட்டார்களாம். புகையோடு பேச்சும் போகும். ஜிஸ்மி பிறந்த அன்று டின்சிக்கு வலி கண்டதை, சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருந்த செபமாலைதான் மூச்சுச் சத்தத்திலேயே கண்டுபிடித்து ஜீப்புக்கு ஆளனுப்பினாள். இப்போதும் டின்சி அந்தச் சுவரோரம்தான் பாய் விரிப்பாள். அங்கே எலி ஓடினால்கூட யாரோ இருப்பது போலிருக்கும்.

"கூரை வரைக்கும் சுவர் வந்தா தனி யூனிட். பஞ்சாயத்து தனி நம்பர் தரும், கார்டும் மாறும்," என்றார் இன்ஸ்பெக்டர்.

"பக்கத்துல ஆளே இல்லையே சார்."

"எனக்கு மனசிலாகுது. ஆளில்லைன்னு எழுத இந்த ஃபாரத்துல கட்டம் இல்ல."

அன்று டின்சி கம்பத்துக்குப் போன் போட்டாள். "அத்தே, உங்க பக்கத்துச் சுவர அடைக்கப் போறேன்."

"அடைச்சிட்டா? நாளைக்கு நான் வந்தா எதுவழியாட்டி உப்பு கேப்பேன்?"

"வாசல் வழியா வாங்க."

"வாசல் வழியா வந்தா விருந்தாளியாயிருவேன்ட்டி." செபமாலை சிரித்தாள்.

"வருவீங்களா அத்தே?"

"மொதல்ல பிள்ளைக்குச் சொகமாகட்டும்ட்டி," என்றாள் செபமாலை. பேரன் அழுகிறான் என்று போனை வைத்துவிட்டாள்.

ஏசுரத்தினம் சிமெண்ட் கல்லோடு வந்தார். புகை போக ஒரு தகரக் குழாயை வெளிச்சுவரில் சொருகினார். முன்பு பரந்து போன புகை இனி ஒடுங்கி ஏற வேண்டும், அதற்குக் குழாய் கூரையைவிட உயரமாக இருக்க வேண்டும் என்று டின்சிக்கு விளக்கினார். ஒரு பக்கம் முடிந்தது. செபமாலையின் பக்கத்தில் கடைசிக் கல் வைக்குமுன் டின்சி ஸ்டூலில் ஏறி அந்த அறையை எட்டிப் பார்த்தாள். வெறும் கட்டில், அதன்மேல் தகர ஓட்டை வழியாக ஒரு துண்டு வெயில்.

"அம்மா, செபமாலைம்மா பேசினா இனிமே கேக்காதா?" என்றாள் கீழே நின்ற ஜிஸ்மி.

"அவங்க கம்பத்துலல்லா இருக்காங்க."

"தெரியும்," என்றாள் ஜிஸ்மி.

டின்சி இறங்கினாள். "வைங்கண்ணே," என்றாள்.

நம்பர் வந்தது. கார்டு பிங்க் ஆனது. இன்சூரன்ஸில் ஜிஸ்மியின் பெயர் ஏறியது, ஆபரேஷனுக்குத் தேதியும் கிடைத்தது. சுஜினுக்குச் சொல்ல இரண்டு முறை கூப்பிட்டாள், மணி அடித்து ஓய்ந்தது.

கோட்டயம் புறப்பட்ட காலையில் பனி இறங்கியிருந்தது. லயத்தில் யார் ஊருக்குப் போனாலும் சாவியைப் பக்கத்து அறையில் கொடுத்து, அடுப்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போவது வழக்கம். டின்சி பூட்டை இழுத்துப் பார்த்தாள். சாவியோடு திரும்பி, கை தன்னால் செபமாலையின் கதவுப்பக்கம் போகவும், அங்கே தொங்கிய பூட்டைப் பார்த்து நின்றாள்.

"யாருட்டம்மா சொல்லணும்?" என்றாள் ஜிஸ்மி.

"சொல்லியாச்சு," என்று சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள். பிள்ளையின் கையைப் பிடித்து, பஸ் வரும் வளைவை நோக்கி இறங்கினாள்.