இரண்டாம் தட்டு

கதவிடுக்கில் கோணிப்பையைத் திணித்துவிட்டுப் பூங்காவனம் சிவப்பு விளக்கை ஏற்றினாள். வெளியே முற்றத்தில் அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்துக் கட்டியிருந்தார்கள். அண்ணன் தனராஜ் எடுத்த படம் சரியாக விழுந்திருக்கிறதா என்று தெரிந்த பிறகுதான் பாடையில் கிடத்துவார்கள். கெட்டிருந்தால் இன்னொன்று எடுக்கலாம். புதைத்த பிறகு யாரை எடுப்பது? கரும்பு விளையும் இந்தத் தீவில், சேன் பியேர் ஊர்ப் பக்கத்துச் சாவு வீடுகளில் தனராஜ் வைத்திருந்த வழக்கம் இது.

படம் எடுப்பது அண்ணன், ஃபிலிமைக் கழுவுவது தங்கை. அக்கம்பக்கத்தில் பிரெஞ்சு பேசும் ஊகெட் வீட்டு ஞானஸ்நானமோ தமிழர் வீட்டுச் சாவோ, சமையலறையை ஒட்டிய இந்த இருட்டறையில் அவள் கைபட்டுத்தான் முகமாகும். அவளிடம் வந்த ஃபிலிம் ஒன்றுகூடக் கெட்டதில்லை. அது அவளுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும்.

இவ்வளவு இருந்தும் படக்காரனைப் பெற்றவளுக்கு ஒரு படம் கிடையாது. தெய்வானையம்மாள் லேசுப்பட்டவள் அல்ல. மகன் முக்காலியை விரித்தால் போதும், மாட்டுக்குப் புல் அறுக்கவேண்டும் என்று கரும்புக்குள் புகுந்துவிடுவாள். யாரோ செத்தவரின் ஈரம் காயாத படத்தைப் பார்த்துவிட்டு ஒருநாள் மகளிடம் சொன்னாள்:

"வாயைக் கட்டி, மூக்குல பஞ்சு வச்சு, இப்படி என்னைப் படம் புடிக்க விடாதே. நீதான் பாத்துக்கணும்."

பார்த்துக்கொள்கிறேன் என்றாள் பூங்காவனம்.

இன்று காலை அதை அண்ணனிடம் சொன்னாள். நன்றாக இருக்கும்போது ஆயிரம் சொல்வாள் என்று அவன் தட்டிவிட்டான். பிள்ளைகளுக்குக் காட்ட அம்மா முகம் ஒன்று வேண்டாமா என்று தேம்பினான். மாமா அப்பாசாமியும் அவன் பக்கம். பிணத்தை வைத்துக்கொண்டு மல்லுக்கு நிற்க அவளுக்கு மனமில்லை. எடு என்று சொல்லிவிட்டாள்.

இப்போது ஃபிலிம் அவள் கையில். முதல் தட்டு மருந்தில் உரு எழும். இரண்டாம் தட்டு மருந்தில் எழுந்தது நிலைக்கும். வரிசை மாற்றி இரண்டாவதில் முதலில் போட்டால், உள்ளே விழுந்தது அத்தனையும் கரைந்துபோகும். பிறகு எந்தக் கொம்பனாலும் மீட்க முடியாது.

அம்மாவின் முகம் மருந்துக்குள் எழுவதைப் பார்க்க அவளுக்கும் ஆசைதான். ஆனாலும் ஃபிலிமை நேராக இரண்டாம் தட்டில் நழுவவிட்டாள். அதன் பால்வெண்மை மெல்லக் கரைந்து தீரும்வரை தட்டை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

தண்ணீரில் அலசிக் கதவைத் திறந்ததும் தனராஜ் உள்ளே வந்தான். அவள் நீட்டிய ஃபிலிமை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தான். துடைத்த கண்ணாடிபோல் வெறுமையாக இருந்தது.

"கெட்டுப்போச்சா?" என்றான்.

"என் கையில எது கெட்டிருக்குண்ணே?"

அவள் தலைகுனியாமல் நின்றாள். அவன் அவளையே பார்த்தான். காமிராவில் இன்னொரு ஃபிலிம் தயாராக இருந்தது. வெயிலும் இருந்தது.

வெளியிலிருந்து மாமா குரல் கொடுத்தார்.

"அலோர், என்ன ஆச்சு தனராஜ், படம் வந்துச்சா? இன்னொன்னு எடுக்கணுமா?"

தனராஜ் வாசல் பக்கம் திரும்பினான்.

"வந்துருச்சு மாமா. அம்மாவைக் கட்டு அவுத்து இறக்குங்க."

பிறகு, நன்றாக வந்த படங்களை மாட்டுவதுபோலவே, விரல் படாமல் ஓரத்தைப் பிடித்து, அந்த ஃபிலிமைக் கொடியில் மாட்டிக் காயவிட்டான்.