தோளில் படாத தண்டு

பக்தியாம் பக்தி. பவனியில் மாதா சுரூபத்தைச் சுமக்கும் தண்டில், எனக்கு முன்னால் என் அக்கா புருஷன். அவர் தோள் என் தோளைவிட நாலு விரல் தாழ்வு. உயரம் குறைந்தவர்கள் துணியை மடித்துத் தோளில் வைத்து ஈடுகட்டுவார்கள். இவருக்குப் புதுச் சட்டை கசங்குமாம். தண்டில் கையை மட்டும் வைத்துக்கொண்டு நடந்தார். பாரமெல்லாம் என் தோளில். வெறுங்காலைத் தார்ச்சாலை சுட்டது.

"அந்த மனுசன் முகத்தப் பாருங்க, எவ்வளவு பக்தி," என்றாள் தெருவோரத்தில் ஒருத்தி. அவர் கண்ணை வேறு மூடிக்கொண்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முழங்காலைக் கொஞ்சம் மடக்கி நடந்தேன். தண்டு இறங்கி அவர் தோளில் உட்கார்ந்தது.

"டேய், கனக்குதுடா," என்று முனகினார்.

"மாதா இப்பத்தான் உங்ககிட்ட வந்திருக்கா மச்சான். நடங்க."